ரேஸ்கோர்ஸில் நாலு சுற்று

"எட்டாயிரம் பேர் கலந்துக்கிட்ட ரேஸுங்க. அதுல நான் ஒருத்தன்தான் ஓடுனேன். அப்படியும் கடைசியாத்தான் வந்தேன்!"

மிதுன் இதைச் சொல்லும்போது பேக்கரியில் யாராவது ஒருவர் டீயை மேலே சிந்திக்கொள்வது வழக்கம். பம்ப்செட் கம்பெனியில் நாற்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு. போன வருடம் தான் சிந்திய வியர்வையில் வாலாங்குளம் இரண்டடி ஏறியது என்பார். மூன்றடி ஏறும் நாட்களும் உண்டு.

"ஒண்ணும் நடக்கலைங்க. பாவம்னு நான்தான் ஒரு நேரத்தை எழுதி விட்டேன்," என்பார் ஓட்டக்குழுச் செயலாளர் ஹரிணி, தேங்காய் பன்னிலிருந்து தலை நிமிராமல்.

போன வருடப் பந்தயமும் எல்லா வருடத்தையும் போலத்தான் விடிந்தது. ரேஸ்கோர்ஸில் எட்டாயிரம் பேர் ஷூ மாட்டி, நெஞ்சில் எண் குத்திக்கொண்டு நின்றார்கள். ஆறு மணிக்கு விசில். பெரிய திரையில் பெயர்களும் நேரங்களும் மளமளவென்று இறங்கின. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பதக்கம் வாங்கினார்கள், "கடைசி கிலோமீட்டர்ல தொடை பிடிச்சுக்கிச்சு" என்று நொண்டி நொண்டிப் பொங்கல் வரிசைக்குப் போனார்கள். ஒருவரும் ஓரடிகூட ஓடவில்லை.

ஓடுவதை நிறுத்தி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்து நாற்பத்தாறின் கொடுங்கோடையில் பந்தயத்துக்குப் பந்தயம் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். அதன் பிறகு வந்தது முன்கணிப்பான். மணிக்கட்டில் கட்டிய நாடிப்பட்டை வருடம் முழுக்க இதயம், மூச்சு, தூக்கம், நடை என்று டேட்டா சேர்க்கும். பத்து கிலோமீட்டரை நீங்கள் எவ்வளவு நேரத்தில் ஓடுவீர்கள் என்று முன்கணிப்பான் வினாடி பிசகாமல் சொல்லிவிடும். தெரிந்துவிட்ட பிறகு எதற்கு ஓடுவது?

மிதுனின் பெயருக்கு நேரே மட்டும் திரை வெறுமையாக இருந்தது. குளியலறையில் வழுக்கி முழங்கால் தசைநார் அறுந்து, அது கூடுவதற்குள் நிமோனியா வந்து, பதினான்கு மாதம் படுக்கை. ஆஸ்பத்திரியில் நாடிப்பட்டையைக் கழற்றியிருந்தார்கள். டேட்டா இல்லை, கணிப்பும் இல்லை.

"பழைய விதி ஒண்ணு இருக்குங்கண்ணா," என்றார் ஹரிணி தயங்கி. "டேட்டா இல்லாதவங்க ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஓடிக் காட்டணும். இல்லீன்னா பேரைப் பார்வையாளர் பட்டியலுக்கு மாத்திருவாங்க. அப்புறம் திரும்பி வர முடியாதுங்க."

பத்தொன்பது வயதிலிருந்து ஓட்டக்காரர் பட்டியலில் இருக்கும் பெயர் அது.

"அவ்வளவுதானே? ஓடிர்றேன் அம்மிணி."

"ஓடறதுன்னா... நிஜமாவா?"

ஊர் பொங்கலைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனது. முடிவுக்கோட்டின் அலங்கார வளைவுக்குக் கீழே, ஸ்டாப்வாட்சும் பிளாஸ்டிக் சேருமாக ஹரிணி மட்டும் உட்கார்ந்திருந்தார். ரேஸ்கோர்ஸை நாலு சுற்றுச் சுற்ற வேண்டும்.

முதல் சுற்றில் முழங்கால் துருப்பிடித்த கேட் மாதிரி முனகியது. ஆனால் பாதைக்கு அவரை அடையாளம் தெரிந்தது. ஓடிய காலத்தில் இந்த மரத்தடியில்தான் உப்புத் தூவிய ஆரஞ்சுச் சுளை நீட்டுவார்கள். அந்தத் திருப்பத்தில் ஈரப் பஞ்சு மிதக்கும் வாளி. அங்கே ஜமாப் மேளம் அடிப்பார்கள். அந்த அடிக்குச் செத்த காலும் எழுந்து ஓடும். எதிர் பால்கனியிலிருந்து யாரென்றே தெரியாத ஒரு பெண்மணி வருடா வருடம் அவருடைய எண்ணைச் சொல்லிக் கத்துவார்: "நானூத்திப் பதினேழு, விட்றாதீங்க!" இப்போது அங்கே துணி மட்டும் காய்ந்தது. மிதுன் தனக்குத் தானே கத்திக்கொண்டார்.

இரண்டாம் சுற்று முடிந்தபோது ஹரிணி எழுந்து நின்றார். "போதுங்கண்ணா. முடிச்சுட்டீங்கன்னு எழுதிர்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல!"

"மூஞ்சியெல்லாம் வெளுத்திருக்குங்க!"

"பவுடர் எச்சாப் பூசிட்டேன்!"

மூன்றாம் சுற்றில் வாய்ப்பேச்சு நின்றது. தண்ணீர் ஏறாமல் வெறும் காற்றை இழுக்கும் பம்ப் போல நெஞ்சு விசிலடித்தது. வழியில் ஒரு சிமென்ட் பெஞ்ச். உட்காரலாமா என்று நினைத்த நேரத்தில், நெற்றியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி உதட்டில் விழுந்தது. உப்பு. இருபத்தாறு வருடமாக வாங்கிய ஒரு பதக்கமாவது இப்படிக் கரித்திருக்கிறதா? மிதுன் பெஞ்சைத் தாண்டி ஓடினார்.

நாலாம் சுற்று. இன்னும் இருநூறு மீட்டர், கையில் நாலே நிமிடம். முழங்கால் மடங்கியது.

அதற்கப்புறம் நடந்ததை மட்டும் மிதுன் எப்போதும் ஒரே தாவலில் கடந்துவிடுவார். "எப்படியோ நாப்பது வினாடி மிச்சம் வெச்சு உள்ள நுழைஞ்சுட்டேன்!"

இன்று இந்த வருடப் பந்தயம். திரையில் நேரம் பார்த்துவிட்டு எல்லாரும் பேக்கரிக்கு வந்துவிட்டார்கள். கழற்றிய பட்டையைத் திரும்பக் கட்டாத மிதுன் மட்டும் டீயைக் குடித்துவிட்டு ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் நீங்க ஓடுனதை யாருங்க பார்த்தா?" என்றார் டீ மாஸ்டர். கூட்டம் ஹரிணியைப் பார்த்தது.

ஹரிணியின் கழுத்தில் புதுப் பதக்கம். ஐம்பத்தெட்டு நிமிடம், இருபத்து மூன்று பதக்கங்களில் இதுதான் அவருடைய சிறந்த நேரம். அவர் குழுவில் சேர்ந்ததே முன்கணிப்பான் வந்த பிறகு. பதக்கத்தைக் கழற்றிப் பன்னுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னைக்குக் காலையில மாடிப்படியில மூணு இடத்துல நின்னு மூச்சு வாங்குனேன். அம்பத்தெட்டு நிமிஷமாம்." மிதுனைக் கை காட்டினார். "இவர் ஓடுனது நிஜம்னு ஒத்துக்கிட்டா, என் பீரோவுல இருக்கறதெல்லாம் என்னங்க? அதான் இத்தனை நாளாச் சொல்லலை."

"அட விடு அம்மிணி," என்றார் மிதுன்.

"இருங்கண்ணா. ஒருத்தர்தான் ஓடுனாருங்கறது மட்டும் பொய்யிங்க. இவருக்குக் கால் மடங்குனதும் நான் சேரை விட்டு ஓடிப் போயி, கடைசி இருநூறு மீட்டர் பக்கத்துலயே ஓடுனேன். என் ஆயுசுல நான் ஓடுனதே அவ்வளவுதான். வளைவுகிட்ட வந்ததும் நின்னு, 'நீ முன்னால போ அம்மிணி'ன்னுட்டாரு. கடைசியா வந்தாருன்னா அப்படித்தான் வந்தாரு. மத்ததெல்லாம் நடந்துச்சுங்க."