சுண்ணாம்புக் கோடு கலைந்த இடம்

“இன்னிக்கும் அழிச்சுப்போட்டாங்களே!” என்று தனபால் மாமா தலையில் கை வைத்தார்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையோரம் அவருடைய நிலத்தில் இருபது வீடுகள் வரப்போகின்றன. மரம் எதையும் வெட்டாமல், மழைநீர் ஓடும் பள்ளத்தையும் மூடாமல் அவற்றுக்கு வரைபடம் போட்டவர் தமிழினியின் அம்மா. சுற்றுச்சுவர் வரும் இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். மூன்று நாளாக ஒரே இடத்தில் அது கலைந்து கிடந்தது.

“எல்லாம் ஆடுதானுங்க. நாளைக்குச் சுவத்துக்குக் குழி வெட்டறோம். அப்புறம் எப்படி உள்ள வருதுன்னு பாக்கறேன்!” என்றார் மாமா.

பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவுடன் தமிழினியும் வந்திருந்தாள். அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் நகக் கீறல்கள், நடுவில் எதையோ இழுத்த தடம். எந்த ஆடு வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நடக்கும்?

தடம் தண்ணீரிலிருந்து வந்து, கோட்டைத் தாண்டி, மேட்டுக்குப் போனது. அவளும் பின்னாலேயே போனாள். ஆவாரம் புதருக்குப் பின்னால் ஓர் ஆமை, பின்னங்கால்களால் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, இங்க வாயேன்! ஆமை முட்டை போடப் போகுது! மூணு நாளா இதுக்குத்தான் எடம் தேடியிருக்கு!”

“ஐயையோ, மெதுவாப் பேசு சாமி!” மாமா பதறிப்போனார். “ஊட்டுக்குள்ள ஆமை வந்தா ஆகாதும்பாங்க. ஆமை வர்ற எடம்னு தெரிஞ்சா இங்க யாரு குடி வருவாங்க? மொதல்ல சுவத்தை எழுப்பணும்.”

“அதெல்லாம் சும்மாங்கண்ணா” என்று அம்மா சொல்லிப் பார்த்தார். மாமா கேட்பதாயில்லை.

தமிழினிக்கு அழுகை வரும்போல் இருந்தது. சுவர் வந்துவிட்டால் இந்த ஆமை எங்கே போகும்? குஞ்சுகள் எப்படித் தண்ணீருக்குத் திரும்பும்? யோசித்தாள்.

“ஏம்மா, ஆமை எத்தனை முட்டை போடும்?”

“பத்துகூடப் போடும் கண்ணு.”

“மாமா, சுவர் கட்டிட்டா அந்தப் பத்துக் குஞ்சும் தண்ணிக்கு வழி தெரியாம ஒவ்வொரு ஊட்டுக்குள்ளயும் நுழையுமுங்க.”

மாமாவின் முகம் மாறியது. “பத்தும் ஊட்டுக்குள்ளயா?”

“வழி விட்டா அது பாட்டுக்குப் போயிரும். எந்த ஊட்டுப் படியும் ஏறாது. அம்மா, வரைபடத்துல அந்த மூலையில இருக்கிற பூங்காவை இந்த மேட்டுக்கு மாத்திட்டா?”

அம்மா வரைபடத்தை விரித்துப் பார்த்தார். “மாத்தலாங்கண்ணா. இருபது வீட்டில ஒண்ணும் குறையாது.”

ஆமை முட்டையிட்டு, குழியை மூடிவிட்டு நிதானமாகத் தண்ணீரைப் பார்த்து நடந்தது. மாமா ஒதுங்கி நின்று அதற்கு வழி விட்டார்.

“சுவத்துல எத்தனை அடி விடோணும்?”

“நாலடி போதுங்க” என்றார் அம்மா.

“பத்துக் குஞ்சும் ஒண்ணா வந்தா முட்டி மோதிக்காதா? பத்தடியா விடுங்க!” என்று சொல்லிக்கொண்டே, மாமா தன் காலாலேயே கோட்டை அழிக்கத் தொடங்கினார்.