குளிருக்குப் பழக்குதல்

நாற்றுகள் வெயிலைப் பார்த்துச் சாயும். நோயெலின் நாற்றுகள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

காலையில் தட்டைத் திருப்பி வைத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தான். இடுகாட்டுக் கருங்கல் அறையின் தெற்குச் சுவரை ஒட்டி ஊர்க்காரர்களின் நாற்றுத் தட்டுகள் வரிசையாக இருந்தன. தக்காளி, மிளகாய், முட்டைக்கோஸ், யாரோ ஒருவரின் சாமந்தி. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கல் மாலைவரை மெல்லிய வெப்பத்தைக் கசியவிடும்; வடகாற்று அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது; உருகும் பனியின் ஈர வாசனையும், போன வருடத்து இலைகள் மட்கும் வாசனையும், கீழே ஓடையில் தண்ணீர் கல்லில் மோதும் ஓசையும் மட்டும் வந்து போகும். வீட்டுக்குள் விளக்கொளியில் முளைத்த நாற்றை அப்படியே தோட்டத்தில் நட்டால் ஒரே இரவில் கருகிவிடும். அதனால் ஏப்ரல் கடைசியில் ஊரே தட்டுகளை இங்கே கொண்டுவரும். முதல் நாள் கொஞ்ச நேரம். மறுநாள் இன்னும் கொஞ்சம். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டும். குளிரைச் செடி சிறுகச் சிறுகக் கற்றுக்கொள்ளும்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இந்த மலையூரில், குளிர்காலத்தில் மண் கல்லாகிவிடும். அப்போது சாகிறவர்கள், குழி தோண்டுமளவுக்கு மண் இளகும்வரை, அந்த அறைக்குள் காத்திருப்பார்கள். இந்த வருடம் உள்ளே ஒருவர்தான். கொரின். நோயெலின் மனைவி. ஜனவரியில் ஒரு காலை, சமையலறையில் விதைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். மாலைக்குள் முடிந்துவிட்டது.

இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் ட்வைட் கைவண்டியை நிறுத்திவிட்டுத் தட்டைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் அங்கே மிளகாய் நாற்று இருந்தது.

"நீ பிப்ரவரியிலயே விதைச்சுட்ட. அவசரக்காரன் நாத்து. நெடுநெடுன்னு வளந்து, எந்தப் பக்கம் சாயறதுன்னு தெரியாம முழிக்குது. கொரின் இருந்திருந்தா உன் தோலை உரிச்சிருப்பா."

உண்மைதான் என்றான் நோயெல். காத்திருக்க முடியவில்லை.

"சனிக்கிழமை அவளுக்குத் தோண்டிடலாம்னு இருக்கேன். பட்டாணி விதைக்க மண்ணு ரெண்டு விரல் இளகினா போதும். இதுக்கு அடி வரைக்கும் இளகணும்ல." சொன்ன பிறகு மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "மன்னிச்சுக்கப்பா. எனக்கு வாய் முந்திடும்."

நோயெல் தட்டுகளைக் காருக்குள் அடுக்கினான். பின்னிருக்கை நிறைந்து, கடைசித் தட்டு முன்னிருக்கைக்கு வந்தது. கார் நகர்ந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இருக்கை வாரைப் போடவில்லை என்று மணி அடித்தது. முந்தைய நாட்களில் அடித்ததில்லை. ஈர மண்ணின் பாரம். தட்டின் குறுக்கே வாரை இழுத்து மாட்டினான். மணி நின்றது.

அவனுக்கு மிச்சமிருந்தவை இரண்டு வேலைகள். நான்கு வயது மகள் எல்சியைக் காப்பாற்றுவது. கொரினின் விதைகளைக் காப்பாற்றுவது. முதலாவது கைகூடவில்லை என்பதால்தான் இரண்டாவதை இவ்வளவு பிடிவாதமாகச் செய்தான். ஜனவரிக்குப் பிறகு எல்சி ரொட்டியின் ஓரங்களைத் தவிர வேறெதையும் சரியாகத் தின்னவில்லை. இரவில் தூங்கவில்லை. அழவும் இல்லை, படுக்கையில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நெஞ்சு எலும்புகள் தெரியத் தொடங்கின. குழந்தையையும் இழந்துவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றும். தோன்றும்போது உடம்பில் எங்கும் எதுவும் வலிக்காது. அது அவனை மேலும் பயமுறுத்தும்.

தட்டுகளைக் கருங்கல் அறைக்குக் கொண்டுபோகத் தொடங்கிய வாரத்தில் எல்சி தூங்கினாள். மறுநாள் மேப்பிள் பாகு ஊற்றிய அப்பத்தைத் தின்று, இன்னொன்று கேட்டாள். நோயெல் அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

நிலவறையில் மர அலமாரியில் தட்டுகளை வைத்து விளக்கைப் போட்டான். வெள்ளை வெளிச்சம் மேலே இருந்து விழுந்தது. நாற்றுகள் அதைச் சட்டை செய்யவில்லை. எல்லாம் படிக்கட்டின் பக்கம் வளைந்திருந்தன. தட்டுகளைத் திருப்பி வைத்தான். சலவை இயந்திரம் ஓடி முடிவதற்குள் அவை மறுபடி படிக்கட்டைப் பார்த்திருந்தன. நிலவறையில் வழக்கமான சோப்பு வாசனையும் எண்ணெய் வாசனையும் இருந்தன. அவற்றுக்கு அடியில், வெகுநாள் திறக்காத கல்லறையின் வாசனை போல, ஈரக் கருங்கல்லும் பழைய பூவும் கலந்த ஒன்று. தட்டில் ஒட்டி வந்திருக்கும் என்று நினைத்தான்.

மேலே எல்சியின் அறை சில்லென்றிருந்தது. சன்னல் பாதி திறந்திருந்தது. போர்வை கால்மாட்டில் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தை மடிக்கும் மடிப்பல்ல அது. மெல்லிய கவுனோடு நடுவில் படுத்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. நடுங்கவில்லை.

சன்னலைச் சாத்தப் போனான். அந்தத் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது.

"சாத்தாதீங்கப்பா" என்றாள் எல்சி, கண்ணைத் திறக்காமல். "இன்னைக்கு இன்னும் கொஞ்ச நேரம்."

கனவில் பேசுகிறாள் என்று சாத்தினான்.

வார நடுவில் மார்கோ வந்தாள். கொரினின் அக்கா, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வீடு. சேற்றுக்காலம். மண்சாலையெல்லாம் பகலில் கூழாகிவிடும் என்பதால், விடியலில் உறைந்து கெட்டியாக இருக்கும்போதே காரை ஓட்டி வந்திருந்தாள். வறுத்த கோழி கொண்டுவந்தாள். எல்சி ஒரு தொடையை முழுசாகத் தின்றதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. பிறகு குழந்தையின் கையைக் கழுவிவிட்டாள். குழாயை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பிடித்தபடியே நின்றாள்.

"இவ கை ஐஸா இருக்கு, நோயெல். ஆனா நடுங்கல. நீ கவனிச்சியா?"

வெளியே விளையாடுகிறாள் என்றான். மார்கோ அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். சன்னல், மடித்த போர்வை, பனிச் சேறு காய்ந்த சிறிய கால்தடங்கள். கால்தடங்கள் உள்ளேயிருந்து சன்னலுக்குப் போகவில்லை; சன்னலிலிருந்து உள்ளே வந்தன. அவன் கதவைப் பூட்டுகிறானா என்று கேட்டாள். இரவில் குடிக்கிறானா என்று கேட்டாள். அடக்கம் முடியும்வரை குழந்தை தன் வீட்டில் இருக்கட்டும் என்றாள். முடியாது என்றான். ஏன் என்றாள். அவனிடம் காரணம் இல்லை. முடியாது என்பது மட்டும் இருந்தது.

மார்கோ கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள். "உனக்கு எல்சி வேணுமா? இல்ல, இந்த வீட்டுல உன்னைத் தவிர யாராவது மூச்சு விட்டுக்கிட்டு இருக்கணுமா?"

எல்சி சன்னலோரம் நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை தட்டுகளை எடுக்கப் போனபோது, நாற்றுகள் திரும்பியிருந்தன. எல்லோருடைய நாற்றுகளையும் போல அவனுடையவையும் வெயிலைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. தண்டு தடித்து, இலை கருத்து, கச்சிதமாக.

"பாத்தியா" என்றார் ட்வைட். "தேறிடுச்சு. இனிமே நடலாம்."

பல மாதங்களுக்குப் பிறகு நோயெலுக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தான். கல் வெதுவெதுப்பாக இருந்தது. வெறும் கல்.

ட்வைட் கிளம்பாமல் நின்றார். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், எதையோ தொலைத்தவர் போல.

"காலையில பெட்டிய வாசல் பக்கம் நகத்தி வச்சேன். நாளைக்கு சுலபமா இருக்கும்னு. மருமகனைக் கூப்பிடணும்னு நெனச்சேன். கூப்பிடல." நிறுத்தினார். "ஒத்தை ஆளுக்கே நகந்துச்சுப்பா. காலிச் சட்டத்தை இழுக்கற மாதிரி. நாளாச்சுன்னா எடை குறையும்னு சொல்வாங்க. ஆனா இந்த அளவுக்கு நான் பாத்ததில்ல."

பூட்டு உடைந்திருக்கிறதா என்று நோயெல் கேட்டான். இல்லை. ஆணி கழன்றிருக்கிறதா? இல்லை. திறந்து பார்ப்போமா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வீடு திரும்பும் வழியில், முன்னிருக்கைத் தட்டுக்கு வார் மாட்டாமலே, கார் மணி அடிக்கவில்லை.

நிலவறைக்குப் போனான். விளக்கைப் போட்டான். நாற்றுகள் வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. மூச்சை விட்டான். பிறகு விளக்கை அணைத்துப் பார்த்தான். ஏன் அணைத்தோம் என்று தெரியவில்லை. இருட்டில் இலைகள் உரசும் ஓசை வந்தது. காற்றில்லாத அறை. மறுபடி போட்டபோது அவை இன்னும் நிமிர்ந்திருந்தன, நரம்பு போல விறைத்து, நுனி வெளிறும் அளவுக்கு மேல்நோக்கி இழுபட்டு. விளக்கைப் பார்த்து அல்ல. விளக்கு கொஞ்சம் இடப்பக்கம் இருந்தது.

நேர் மேலே இருந்தது எல்சியின் அறை.

கட்டில் ஒரு முறை முனகியது. பெரியவர் ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்தால் முனகுவது போல.

ஓடினான். படி. கூடம். கதவு. எல்சி தனியாக இருந்தாள். சன்னல் முழுசாகத் திறந்திருந்தது. போர்வை மடிந்திருந்தது. அவள் பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல எழும்பிச் சமமானது. கருங்கல் வாசனை.

"யார் திறந்தா?"

"அம்மா." கேட்டதே முட்டாள்தனம் என்பது போலச் சொன்னாள். "முதல்ல கொஞ்ச நேரம். அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம். இப்ப எனக்குக் குளிரவே இல்லப்பா. தொட்டுப் பாருங்க."

தொட்டான். உறைந்த மண்ணைத் தொட்டது போலிருந்தது.

அப்போதுதான் புரிந்தது. கொரின் எந்தச் செடியையும் அவசரப்படுத்தியதில்லை. குளிரை மெல்ல ஊட்டி, தேறிய பிறகுதான் நடுவாள். இப்போதும் அதைத்தான் செய்கிறாள். மாலைதோறும் தட்டுகளோடு அவளைச் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன்.

எல்சியைப் போர்வையில் சுருட்டித் தூக்கினான். காரைக் கிளப்பினான். வாசல் தாண்டியதும் சக்கரம் சேற்றில் அச்சுவரை இறங்கியது. மார்கோவுக்குப் போன் செய்தான். குழந்தையை அழைத்துப் போ என்றான். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாலை உறைந்ததும் வந்துவிடுகிறேன், அதுவரை அவளைக் கையிலேயே வைத்துக்கொள் என்றாள்.

கையிலேயே வைத்திருந்தான். கூடத்தில், அடுப்பின் முன்னால், நாற்காலியில். அதற்கு முன்பே எல்லாச் சன்னல்களுக்கும் ஆணி அடித்திருந்தான். கதவுக்குக் குறுக்கே அலமாரியை நகர்த்தியிருந்தான். எல்சி அவன் மார்பில் சாய்ந்து தூங்கினாள். அவளிடமிருந்து குளிர் அவன் சட்டைக்குள் இறங்கியது. அதை விலக்கவில்லை. அழுதான். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. அழுதபடியே கண் சொருகியது.

குளிர் எழுப்பியது.

வெளுத்துவிட்டிருந்தது. அலமாரி பழைய இடத்தில் இருந்தது. கதவு திறந்திருந்தது. மடியில் போர்வை இருந்தது. மடித்து.

வாசலுக்குப் போனான். தோட்டம் முழுக்க உறைபனி. வெள்ளை. நடுவில் கொரினின் பாத்தி மட்டும் கறுப்பு. புதிதாகக் கிளறிய மண்.

எல்சி அதில் நின்றிருந்தாள். கவுனோடு. முழங்கால்வரை மண். முகம் சூரியன் வரும் பக்கம். சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி மண் அமுங்கியது. ஒரு இடத்தில். அடுத்த இடத்தில். உள்ளங்கை அளவுக்கு. யாரும் இல்லை.

ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். வரவில்லை. பலமாக இழுத்தான்.

"மெதுவா அப்பா" என்றாள் எல்சி. "வேர் அறுந்துடும்."

மண்டியிட்டான். விரல்களால் மண்ணைப் பறித்தான். நகம் பெயர்ந்தது. சாலையில் தூரத்தில் மார்கோவின் கார் உறைந்த சேற்றில் நொறுங்கி நொறுங்கி வந்தது. கையை ஆழமாக விட்டான். குழந்தையின் கணுக்கால் கிடைத்தது. பனிக்கட்டி.

அதைச் சுற்றி இன்னொரு கை இருந்தது. அது சூடாக இருந்தது.