பாலிசிதாரர் பேசுகிறார்

காத்திருக்கச் சொல்லிப் போடும் இசைக்குள் யாரோ இருமினார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அந்த இசை இத்தனை நாளில் அவளுக்கு அத்துப்படி. எங்கே ஏறும், எங்கே இறங்கும், எந்த இடத்தில் ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று ஒருத்தி தேனொழுகப் பொய் சொல்வாள் என்பதெல்லாம் மனப்பாடம். இருமல் மட்டும் புதிது. வறண்டு, அடிநெஞ்சிலிருந்து கிளம்பி, முடிவில் சின்ன முனகலோடு அடங்கியது. அவள் கணவன் இருமுவது அப்படித்தான். எட்டிப் பார்த்தாள். உள்ளறையில் அவன் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. பயத்தில் கண்டதும் காதில் விழும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பயம் வராமல் என்ன செய்யும்? நுரையீரலில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். கம்பெனி அப்ரூவல் தராமல் ஆஸ்பத்திரியில் பெட் கிடையாது. இன்று அப்ரூவல் வராவிட்டால் ஒதுக்கி வைத்திருக்கும் பெட்டும் வேறொருவருக்குப் போய்விடும். “இனி தள்ளிப்போட்டா தாங்க மாட்டாரும்மா” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கம்பெனிக்காரர்களோ அவளைப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

இசை நின்றது. ஒரு பெண் குரல். “பாலிசிதாரர்தான் பேசணும் மேடம்.”

“அவரால பேச முடியலைன்னுதானம்மா கிளைமே போட்டிருக்கோம்!”

“புரியுது மேடம். அவர் வாயால சொன்னாத்தான் நாங்க பதிவு பண்ண முடியும். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“முதல்ல இந்த உதவியப் பண்ணு தாயே” என்பதற்குள் இணைப்பு போயிருந்தது.

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. குடும்பத்தில் அவளுக்கு ‘மைக்கு’ என்றே பட்டப்பெயர். சொந்தக்காரர்கள் கூடினால் போதும், “மைக்கு, உன் வீட்டுக்காரர் மாதிரி பேசு” என்று பிடித்துக்கொள்வார்கள். அடித்தொண்டையில் அவள் ஆரம்பித்ததும் எல்லோரையும் விட அவன்தான் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செருமிக் குரலை இறக்கினாள். மறுபடி எண்ணை அழுத்தினாள்.

இம்முறை இசையே இல்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் எப்போதும் கேட்கும் ஆபீஸ் சலசலப்பும் இல்லை. ஈரக் கம்பளியைப் போர்த்தியது போல ஒரு அமைதி.

“சொல்லுங்க சார்,” என்றது அதே பெண் குரல். அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

“நான்... பாலிசிதாரர் பேசறேன்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். பதிவாயிட்டா மாத்த முடியாது.”

உள்ளறையைப் பார்த்தாள். அவன் மார்பு ஏறி இறங்கப் படும் பாட்டைப் பார்த்தாள். “நான்தாம்மா பேசறேன். சீக்கிரம் அப்ரூவலைக் குடுங்க.”

“மூச்சு வாங்குதா?”

“ஆமா.”

நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது. பதற்றம்தான், வேறொன்றுமில்லை.

“விலாவுல வலி?”

“ஆமா.”

முள் ஏறியது போல் குத்தியது. வெளியே பொழுது சாய்ந்து அறை மங்கிவிட்டது. விளக்கைப் போடக் கை நீட்டினாள். கை எழவில்லை.

“இருமல்?”

பதிலுக்கு இருமலே வந்தது. வறண்ட இருமல். முடிவில் முனகல்.

“உங்க மனைவி எப்படி இருக்காங்க சார்?”

இதை எதற்குக் கேட்கிறாள்? “அவளுக்கென்ன... நல்லாத்தான் இருக்கா.”

“எங்க இருக்காங்க?”

உளறி மாட்டிக்கொள்ளக் கூடாது. “உள்ள படுத்திருக்கா.”

“சந்தோஷம் சார். அப்ரூவ் ஆயிடுச்சு.”

போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிழைத்துவிடுவான். இனி பயமில்லை. “ஏங்க, கிடைச்சிடுச்சுங்க!” என்று கத்தினாள்.

அவன் குரல் கேட்டது.

செருமினாள். மறுபடி சொன்னாள். அவன் குரல்தான். அவள் வாயிலிருந்து. இறக்காமலே.

உள்ளே கட்டில் கிறீச்சென்றது. தரையில் காலடி. இழுத்து வைக்காத, தெம்பான காலடி.

“என்னங்க.”

எந்தக் கூட்டத்திலும் தனித்துக் கேட்கும் குரல். அவளுடைய குரல்.

கதவருகே அவன் நிமிர்ந்து நின்றான். கன்னத்தில் மாஸ்க் அழுத்திய தடம். சீரான மூச்சு. கையில் அந்த மாஸ்க், குழாயோடு. அவளைப் பார்க்கும் கண்களில் அழுது தீராத கவலை.

“நீங்க ஏன் எந்திரிச்சு வந்தீங்க? போனெல்லாம் நான் பேசிக்கிறேன்ல,” என்றான் அந்தக் குரலில்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். மூச்சை இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். வரவில்லை.

அவன் மாஸ்க்கை நீட்டினான். உள்பக்கத்தில் அவன் மூச்சின் ஈரம் இன்னும் காயவில்லை. அவள் கைகளே அதைப் பறித்து முகத்தில் பொருத்திக்கொண்டன.