இரண்டு சதவீதம்

பல் துலக்குவதற்கு முன்பே வாய்ப்புமானியைப் பார்ப்பது தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒன்று. சட்ட நுழைவுத்தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரியில் எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று மணிக்கட்டிலேயே அது காட்டிவிடும். வருடத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான். போட்டால் போட்டதுதான், திரும்ப வாங்க முடியாது. சதவீதம் குறைந்த இடத்தில் போட எவனுக்குப் பைத்தியம்?

ரெஜினா வாங்கியது நூற்று ஐம்பத்தெட்டு. மலையோரக் கல்லூரிக்குத் தொண்ணூற்றொன்று சதவீதம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் ஆசைப்பட்ட கடல்சட்டக் கல்லூரிக்கு இரண்டு. இன்று மாலை ஐந்தோடு கெடு முடிகிறது. மனசு ஆறாமல் கடல்சட்டக் கல்லூரி அலுவலகத்துக்கே பேசினாள்.

"நூத்திருவது சீட்டும்மா. இதுவரை வந்தது மூணு விண்ணப்பம்" என்றார் எழுத்தர்.

"அப்போ ஏன் சார் எனக்கு ரெண்டு சதவீதம் காட்டுது?"

"அஞ்சு வருஷமா உங்க மார்க்ல ஒருத்தரும் இங்க சேரலையே. அதை வெச்சுத்தான் மானி கணக்குப் போடும்."

"எத்தனை பேருக்கு இடமில்லன்னு சொன்னீங்க?"

"உங்க மார்க்ல யாரும் கேக்கவே இல்லம்மா. ரெண்டு சதவீதம்னு பாத்தா யார் போடுவாங்க?"

ரெஜினா மணிக்கட்டை மறுபடி பார்த்தாள். மானி பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது உண்மையும் இல்லையே.

"நான் போட்டா கிடைக்குமா சார்?"

"சீட்டு நிச்சயம். ஆனா இருபது பேராவது சேரலைன்னா காலேஜை இந்த வருஷத்தோட மூடிருவாங்க. அப்புறம் உங்களுக்கு ஒரு வருஷம் வீண்தான்."

இப்போது அந்த இரண்டை எப்படி எடுத்துக்கொள்வது என்றே அவளுக்கு விளங்கவில்லை. யாரும் போடாததால் இரண்டு, இரண்டு என்பதால் யாரும் போடவில்லை. வகுப்புத்தோழி ஜெசிமாவை அவசரமாக அழைத்தாள்.

"ஏட்டி, கடல்சட்டத்துல எடம் காலியாத்தான் கெடக்கு. நீயும் போடு."

"நேத்தே மலையோரத்துக்குப் போட்டுட்டேன்ட்டி. கடல்சட்டம்தான் வேணும்னு உன்கிட்டதான் வந்து சொன்னேன். ரெண்டு சதவீதத்துக்கு ஆசைப்படாதேன்னு நீதான் திட்டி அனுப்பின."

ஆமாம், ரெஜினாதான் சொன்னாள். மானியைக்கூடப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னாள். வெட்கமாக இருந்தது. நாலரைக்குக் கடல்சட்டக் கல்லூரிக்கே விண்ணப்பத்தை அனுப்பினாள். அது நான்காவது. ஐந்தாவது ஜெசிமாவுடையதாக இருந்திருக்கும்.