ஊதா இழையில் ஒரு மூச்சு

திரையில் நேராக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு லேசாகக் குழிந்து, பிறகு மெல்ல எழுந்தது. ஏசி காற்றாக இருக்கும் என்று நினைத்த தேவயானி எழுந்து போய் அதை அணைத்தாள். அந்த இரைச்சல் அடங்கியதும் அறையில் ஒரே ஒரு ஒலிதான் மிச்சம் இருந்தது. மேசைக்கு மேலே அந்தரத்தில் நின்ற ஊதா இழை, காதருகே கொசு சுற்றுவதுபோல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

கோடு மறுபடி குழிந்தது. எழுந்தது. குழிந்தது.

ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்து வந்த நாள். திண்டிவனம் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி நின்ற அந்தப் பொறியியல் கல்லூரியில் ஈ காக்கை இல்லை. காவல்காரர் தாண்டவராயன்கூட அமாவாசை பூசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு பஸ் ஏறிவிட்டார். வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. ஜன்னலே இல்லாத இந்த ஆய்வறையில் மட்டும் எப்போதும் இருட்டு.

வினாடியைக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அதில் சில கூறுகளே நீடிக்கும் லேசர் துடிப்புகள், லென்ஸ் வழியே ஓயாமல் காற்றில் பாய்ந்தன. அந்த அடிபட்டுக் கிளர்ந்தெழும் நைட்ரஜன் மூலக்கூறுகள், வாங்கிய ஆற்றலை ஊதா ஒளியாக உதறிவிட்டு அமைதியாகும். அதுதான் அந்த இழை. முடியைப் போல் மெல்லியது. மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளும். ஈரக்காற்று பட்டால் மங்கும். பக்கத்தில் யாராவது மூச்சு விட்டால் போதும், அதன் ஒளியை அளந்து காட்டும் பச்சைக் கோடு திரையில் குழியும்.

"காத்துல முக்கா பங்குக்கு மேல நைட்ரஜன்தான், தேவி. நம்ம கூடவேதான் இருக்குது. தட்டிக் கேட்டாதான் பதில் சொல்லும்," என்பார் ஆதிநாராயணன். அவளோடு சேர்ந்து இந்த அறையை உருவாக்கிய கணவர். தை மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து கல்லூரிக் குடியிருப்பில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாயங்காலம் ஆனால் கடிகாரத்தின் சத்தம் மட்டும்.

தேவயானி சுவர்வரை தள்ளிப்போய் மூச்சை அடக்கிக்கொண்டாள். கோடு நிதானமாகக் குழிந்தது. எழுந்தது. அசந்து தூங்குகிறவரின் மூச்சைப் போல.

கைபேசி ஒலித்தது. விழுப்புரத்து நாத்தனார் தையல்நாயகி.

"அண்ணி, துணியெல்லாம் எடுத்து வெச்சீங்களா? இவுரு வண்டிய எடுத்துட்டாரு. விக்கிரவாண்டி தாண்டிக்கினு இருக்கோம்."

"தையலு, இன்னிக்கு கொஞ்சம் வேலை..."

"இன்னா பெரிய வேலை? அந்தக் கருமாந்திர லைட்டு எங்கயும் ஓடிப்போயிடாது. எங்க அண்ணனும் கட்டின பொண்டாட்டிய வுட்டுட்டு அதத்தான் கட்டிக்கினு அழுதாரு. ஜல்தி கெளம்புங்க. மல்லாட்டை அவிச்சி எடுத்தாறேன், வழியில தோலு உரிச்சி துன்னுக்கினே வரலாம்."

தேவயானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை போனால் அங்கேயே தங்கிவிடுவதாகப் பேச்சு. அவளுக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தாள் தையல். மனிதர்கள் இருக்கும் வீடு.

சிரித்துக்கொண்டே திரும்பியவள் திரையைப் பார்த்தாள். கோடு அசையாமல் நேராக நின்றது. அவள் சிரிப்பு ஓய்ந்த பிறகுதான் மீண்டும் குழிந்தது.

அவள் குரலைக் கேட்பதற்காக மூச்சை நிறுத்தியிருக்கிறது.

"ஏங்க," என்றாள் மெதுவாக. கோடு நின்றது. "நீங்களா?"

ஆழமாக ஒரு குழி. பெருமூச்சு.

கண்ணில் நீர் முட்டியது. கைபேசியில் தையல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணி? இன்னா, சத்தத்தயே காணோம்?"

"நீங்க வராதீங்க, தையலு. நான் வரல. இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமேலும் வரல."

"பேஜாரு பண்ணாதீங்க அண்ணி, இவ்ளோ தூரம் வந்துக்கினு..."

துண்டித்தாள். நாற்காலியை இழைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தன் மூச்சு அதில் படாதபடி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனை மாதத்துப் பேச்சு! சிலிண்டர் மாற்றத் தெரியாமல் பக்கத்து வீட்டு சித்ராவைக் கூப்பிட்டது, ஒருத்திக்காகக் குழம்பு வைக்கப் பிடிக்காமல் ரசத்திலேயே நாளை ஓட்டியது, அவருடைய நீலச் சட்டையை இன்னும் துவைக்காமல் வைத்திருப்பது. அவள் பேசும்போதெல்லாம் கோடு நின்று கேட்டது. நெஞ்சு இளகி, உடம்பெல்லாம் கதகதப்பானது.

அவர் முகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். லென்ஸின் திருகைத் திருப்பி இழையைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

கோடு குழிந்தது. ஆனால் வேகமாக. ஓடிக் களைத்த குழந்தையின் மூச்சு.

விரல் நின்றது. பிறகு மறுபடி திருப்பினாள். இப்போது நீண்ட, நடுங்கும் குழி. சளி கட்டிய நெஞ்சு. இழையை நன்றாக உயர்த்தினாள். அங்கே ஒன்று. தன் நாற்காலியின் பக்கமாக நகர்த்தினாள். அங்கேயும் ஒன்று.

ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

"ஏங்க..." என்றாள். கோடு நின்றது. இழையை நகர்த்தினாள். அங்கேயும் நின்றிருந்தது. எங்கே நகர்த்தினாலும் நின்றிருந்தது.

அவர் இல்லை. அவள் யாரைக் கூப்பிட்டாலும் இவை நின்றிருக்கும்.

தையலை அழைத்தாள். "தையலு, வந்துடு. உடனே வந்துடு."

"நீங்கதான அண்ணி வராதன்னீங்க? கூட்டேரிப்பட்டுல வண்டிய திருப்பிட்டாரு. மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டேன்றாரு." சற்று நிதானித்தாள். "ஆமா, யாரு அங்க? ஒரே கூட்டமாட்டம் இருக்குது. யாரு உங்க பக்கத்துல மூச்சு வாங்கறது?"

தொடர்பு அறுந்தது.

கதவு மேசைக்கு அந்தப் பக்கம். தேவயானி எழுந்தாள்.

மறுகோடியில் இழை ஒரு சாண் குறைந்திருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு சாண் போனது. அணையவில்லை. எதற்குள்ளோ நுழைந்து முடிந்தது. இன்னொரு சாண். ரீங்காரம் கம்மியது. மேசையின் நடுவுக்கு வந்தது. தாண்டியது.

நாற்காலியைத் தனக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் நான்கு விரல் இழை அவள் முகத்துக்கு எதிரே எஞ்சியது. அதன் நுனி, அகலத் திறந்த ஒரு வாய்க்குள் ஈரமான அண்ணத்தில் பட்டு நின்றது. ஊதா வெளிச்சத்தில் பற்கள் தெரிந்தன. அந்த வாய்க்குரிய தோளுக்கு மேலே இன்னொரு வாய். அதன் இடுப்பளவில் ஒரு சின்ன வாய். அவற்றின் பின்னால், கதவுவரை, வாய்கள்.

எல்லாம் திறந்திருந்தன. எதுவும் மூச்சு விடவில்லை. அவள் பேசுவதற்காகக் காத்திருந்தன.