கஃபூர் பாயின் மனவரைவு

கஃபூர் பாயின் தலையில் மனவரைவியின் கம்பிக் கூட்டை மாட்டிவிட்டு, "உங்க பிரியாணிக் கடைக்கு எப்படிப்பட்ட போர்டு வேணுமோ, அதை அப்படியே நினைச்சுக்கங்க பாய்" என்றாள் ரெஜினா.

பாய் கண்களை இறுக மூடிக்கொண்டார். மனவரைவி உறுமியது. மனதில் ஓடும் படத்தை மூளையின் பின்பக்கத்திலிருந்து உருவியெடுத்துத் தாளில் அச்சடித்துத் தரும் இயந்திரம் அது. இனி எந்த வாடிக்கையாளரும், "என்ன வேணும்னு சொல்லத் தெரியல, ஆனா இது இல்ல" என்று இழுத்தடிக்க முடியாது என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். தென்னூரில் நாலு பேரை வைத்து 'வண்ணக்கூடம்' என்ற வரைகலை நிறுவனத்தை நடத்திவந்த வைரவன், மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதை வாங்கினார். கூட்டை மாட்டிவிட ஓர் ஆள் வேண்டுமே என்று ரெஜினா மட்டும் மிஞ்சினாள்.

தாள் வெளியே வந்தது. எதிர்வரிசைப் போட்டிக் கடையின் போர்டேதான். பெயர் மட்டும் மாறியிருந்தது. மூலையில் பாயின் முகம், பாதி வயதில், தலை நிறைய முடியோடு.

பாய்க்குக் காது சிவந்துவிட்டது. "நான் நினைச்சது இது இல்லவே இல்லம்மா. மெஷின் கெட்டுப்போயிருக்கு."

வந்தவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். ஜவுளிக்கடைக்காரருக்குப் பக்கத்துக் கடையின் கூட்டம் அச்சாகி வந்தது. பல் மருத்துவருக்கு அவருடைய மாமனார் வீட்டு கேட். தங்கள் மனதில் இருப்பதைக் கண்ணால் பார்த்த யாருக்கும் அது பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனார்கள்.

வைரவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "இப்படியே போனா ஒண்ணு மெஷினை விக்கணும், இல்ல உன்னை அனுப்பணும். மெஷினை எவனும் வாங்க மாட்டான் ரெஜினா."

மனவரைவிக்கு இரண்டாவது கூடு ஒன்று உண்டு, இயக்குபவர் சோதித்துப் பார்ப்பதற்காக. பாய் அடுத்த முறை வந்தபோது ரெஜினா தடுப்புக்குப் பின்னால் போய் அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, படம் தன் கூட்டிலிருந்து அச்சாகும்படி விசையை மெல்ல மாற்றிவிட்டாள். கல்லூரியில் படித்ததையும் ஆறு வருட வேலையில் கற்றதையும் திரட்டி ஒரே ஒரு படத்தை நினைத்தாள். மூடி லேசாகத் திறந்த பிரியாணி தேக்சா. அதிலிருந்து எழும் ஆவி வளைந்து வளைந்து 'வாங்க' என்று எழுதுகிறது. வேறொன்றும் இல்லை.

தாளைப் பார்த்த பாய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இதான்மா. அச்சு அசல் இதேதான் என் மனசுல இருந்துச்சு."

அன்றிலிருந்து வண்ணக்கூடத்துக்கு நல்ல காலம். உள்ளே கண்களை மூடிக்கொண்டு வாடிக்கையாளர். தடுப்புக்குப் பின்னால் கண்களை மூடிக்கொண்டு ரெஜினா. எல்லோரும், "இதேதான்" என்று மனம் குளிர்ந்து போனார்கள். "கொஞ்சம் பொறு, உன்னைத் தலைமை வடிவமைப்பாளர் ஆக்கறேன்" என்றார் வைரவன். மெஷினுக்கு எதற்கு வடிவமைப்பாளர் என்று அவரும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பாயின் போர்டுக்கு மாநில அளவிலான வடிவமைப்புப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. மனவுரிமைச் சட்டப்படி, படம் யார் மனதிலிருந்து வந்ததோ அவர்தான் படைப்பாளி. மேடையில் ஏறிய கஃபூர் பாய், சின்ன வயதிலேயே தன் கண்ணுக்கு ஆவியில் எழுத்துகள் தெரியும் என்று நெகிழ்ந்து பேசினார். பொய் சொல்லவில்லை; அவருக்கு அது நிஜமாகவே நினைவிருந்தது.

மறுநாள் மதியம், கொண்டாடுவதற்காக ஒரு தேக்சா பிரியாணியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மூடியைத் திறந்ததும் மாடி முழுக்க மணந்தது. வைரவன் எழுந்து கைகுலுக்கி, "இனிமே பாய்தான் நம்ம தலைமை வடிவமைப்பாளர்" என்று அறிவித்தார்.

ரெஜினாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்தப் படத்தை நினைச்சது நான்! விசையை மாத்திட்டு தடுப்புக்குப் பின்னால உட்கார்ந்து எல்லாத்தையும் நினைச்சது நான்தான்!"

பாய்க்குக் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. "என் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

"அப்ப இப்பவே நிரூபிக்கறேன்." கூட்டை எல்லோர் முன்னாலும் எடுத்து மாட்டிக்கொண்டாள். புதிதாக, பிரமாதமாக ஒரு சின்னம் நினைக்கவேண்டும். கண்களை மூடினாள். காலையில் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூச்சை அடக்கிப் பார்த்தாள். மனவரைவி உறுமியது.

தாளில் ஒரு தட்டு பிரியாணி. லெக் பீஸ், தயிர்ப் பச்சடி, நட்டநடுவே முட்டை.

வைரவன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பாய் மெதுவாகச் சொன்னார்: "பாத்தியாம்மா? என் மனசுல டிசைன் இருந்துச்சு. உன் மனசுல பிரியாணி இருக்கு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

ரெஜினா கூட்டைக் கழற்றினாள். சட்டப்படி, அவள் பெயரில் பதிவாகப்போகும் முதல் படைப்பு அதுதான்.

தலைமை வடிவமைப்பாளர் தாளை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"மெனு கார்டுக்கு இதையே வச்சுக்கலாம்" என்றார். "அந்த முட்டையை மட்டும் கொஞ்சம் பெருசா நினைச்சுக் குடும்மா."