விரலிடுக்கில் ஒரு வெட்கம்

பட்டுக்கோட்டையிலேயே மழை பிடித்துக்கொண்டது. முத்துப்பேட்டையிலிருந்து வந்து தஞ்சாவூர் பஸ்ஸுக்கு மாறி ஏறிய தஹ்மீனாவுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. லீவுக்கு வீட்டுக்குப் போனால் ஓய்வு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். இரண்டு நாளும் அம்மாவுக்கு ஒரே கேள்வி... “முப்பத்தொண்ணு ஆச்சு, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?”

காலியாக இருந்தது ஒரே ஒரு இருக்கை. அதன்மேல் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவன், பெட்டியின்மேல் கை போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

“ஹலோ... பொட்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்களா?”

கண் விழித்தான். தூக்கம் கலையாத, ஆனாலும் சட்டென்று சிரித்துவிட்ட கண்கள்.

“எடுத்திருக்கேங்க. லக்கேஜ் டிக்கெட். உக்காருங்க, மடியில வெச்சுக்கறேன்.”

“மீனா? கசிஞ்சிடாதே?”

“மீன் இல்லங்க. கண்டக்டரும் நம்ப மாட்டேங்கறார்.”

“பின்ன என்ன?”

“கிருமி.”

அவள் சட்டென்று ஒதுங்கினாள். அவன் பதறிப்போனான்.

“பயப்படாதீங்க, எல்லாம் நல்ல கிருமிங்க. மனுஷத் தோல்மேல கோடிக்கணக்குல குடியிருக்காங்க. கெட்டதை அண்ட விடாம நம்மளப் பாத்துக்கறதே அவங்கதான்.”

“பாத்துக்கறாங்களா? கிருமிக்குக்கூட மரியாதையா?”

“கூடவே கிடந்து பழகிடுச்சு...” அவன் முகம் சிவந்தது. “சிரங்குப் பூச்சி தெரியுமில்லீங்களா? தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை வைக்கும். அது வந்துட்டா இந்த நல்லவங்க குறைஞ்சு போறாங்க. சீழ் வைக்கிற கிருமி பெருகிடுது. அதைத்தான் ஆராய்ச்சி பண்றேன்.”

தஹ்மீனாவின் கைகள் தாமாகவே துப்பட்டாவுக்குள் போயின. அவள் விரலிடுக்குகளில் இப்போதும் ஊறிக்கொண்டிருந்தது அதே பூச்சிதான் என்று இவனுக்குத் தெரிந்தால்...

ஜன்னல் ஷட்டர் சரியாக இறங்கவில்லை. சாரல் அவள் முகத்தில் அடித்தது. அவன் தன் கைக்குட்டையை நீட்டினான். வாங்க ஆசைதான். எதையும் கேட்காமல், எதையும் எதிர்பார்க்காமல் அவளிடம் ஒருவர் ஒன்றை நீட்டி எத்தனை காலமாயிற்று! ஆனால் இந்தக் கையால் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

“வேண்டாம்,” என்றாள் வெடுக்கென்று. அவன் முகம் சுண்டிப்போனது.

ஒரத்தநாடு தாண்டியது. மழையில் பச்சை வயல்கள் தளும்பிக்கொண்டிருந்தன. அவள்தான் மறுபடி பேச்செடுத்தாள்.

“அந்தப் பூச்சி செத்துட்டா... போன நல்லவங்க திரும்பி வருவாங்களா?”

“வருவாங்க. ஆனா மெதுவாத்தான் வருவாங்க. அவசரப்படுத்த முடியாது.”

பஸ் தஞ்சாவூர் வந்து நின்றது. பேர்கூடக் கேட்காமல் இறங்கிப் போனாள்.

அவள் தஞ்சாவூரில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரி விடுதியின் வார்டன். விடுதியில் இரண்டு மாதமாக அரிப்பு. முதல் நாளே முதல்வர் எல்லார் முன்னாலும் கேட்டார்: “சுத்தமில்லாததுதான் காரணம். வார்டன்னு நீங்க எதுக்கு இருக்கீங்க?” அதற்குச் சில நாள் முன்புதான் காய்ச்சலில் நடுங்கிய வானதி என்ற மாணவியை அணைத்தபடி படுத்திருந்தாள் தஹ்மீனா. கொஞ்ச நாளில் இவள் விரல்களிலும் பொட்டுப் பொட்டாகக் கிளம்பின. யாராவது கேட்டால், “எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல.” அதே பதில்தான். வார்டனுக்கே சிரங்கு என்று தெரிந்தால் மானம் போகும். நிச்சயம் வரை வந்து நின்றுபோன சம்பந்தத்துக்கு ஊரே ஏதேதோ காரணம் சொன்னது. இன்னொரு காரணத்தை அவளே எடுத்துக் கொடுப்பாளா?

பெண்களுக்கு இரண்டு முறை மருந்து போட்டாயிற்று. போட்டதும் அடங்கும். பிறகு திரும்ப வரும். விரிப்புகளை வெந்நீரில் போட்டு அலசி அலசி அவள் தோள்பட்டை விட்டுப்போனது.

மறுநாள் காலை, கல்லூரி வரவழைத்திருந்த ஆராய்ச்சிக் குழு வந்து இறங்கியது. முன்னால் அதே வெள்ளைப் பெட்டி... அதே கண்கள்.

“நீங்களா!” இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவன் பெயர் ஹஸ்ஸான். கூட வந்தவர் ராஜ்குமார். மருந்து போடுவதற்கு முன்னால், சம்மதிக்கிற எல்லாருடைய தோலிலும் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி எடுப்பார்களாம். பிறகு அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து.

“வார்டன் மேடம், நீங்க?”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

அவன் பார்வை அவள் துப்பட்டாவுக்குள் மறைந்த கைகளில் ஒரு கணம் தங்கிற்று. கூட்டம் விலகியதும் அருகில் வந்தான்.

“நேத்து கைக்குட்டை வாங்காததைத் திமிருனு நெனச்சேன். மன்னிச்சுடுங்க.”

“உளவு பாக்கத்தான் வந்தீங்களா? உங்களுக்கென்ன, பஞ்சுல தடவிக்கிட்டுப் போயிடுவீங்க. எனக்கு வேலையும் போகும், பேரும் போகும்.”

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. ஆனா ஒருத்தர் விட்டுப்போனாலும் எல்லாருக்கும் திரும்ப வரும்.” மேஜைமேல் ஒரு களிம்பு ட்யூபை வைத்துவிட்டு நகர்ந்தான்.

அதை எடுத்து ஒளித்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டால் முடிந்தது... அப்படித்தான் நினைத்தாள்.

வரிசையில் வானதியைக் காணோம். தேடிப் போனால், அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் சீழ் கோத்திருந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

“நான் ஊருக்கே போயிடறேன் மேடம். என்னாலதான் எல்லாருக்கும் திரும்பத் திரும்ப வருதுன்னு சொல்றாங்க. யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க. படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்...”

வலங்கைமான் பக்கத்துப் பெண். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். தஹ்மீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் மூடி வைத்த பழியை இத்தனை நாளும் இந்தப் பிள்ளையல்லவா சுமந்திருக்கிறது?

அவளைக் கையோடு மாதிரி எடுக்கும் கூடத்துக்கு அழைத்து வந்தாள். முதல்வரும் நின்றிருந்தார். தஹ்மீனா வரிசையின் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

“எனக்கும் இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. வெட்கப்பட்டு மறைச்சேன், மருந்தும் போடல. திரும்பத் திரும்ப வந்தது என்னால. வானதியால இல்ல.”

“அப்புறமா வந்து என்னைப் பாருங்க,” என்றார் முதல்வர், இறுகிய குரலில். வானதி மட்டும் விம்மியபடி அவள் தோளில் சாய்ந்தாள்.

ஹஸ்ஸான் பஞ்சுக் குச்சியோடு அவள் முன்னால் வந்தான். குனிந்தான்... நின்றான். குச்சியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். சட்டென்று நிமிர்ந்து, “ராஜ்குமார், இவங்களுக்கு நீங்க எடுங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

முதல்வரின் கோபம் வலிக்கவில்லை. இது வலித்தது. தினமும் இதையே பார்க்கிறவனுக்கும் என் கை அருவருப்பாகிவிட்டதா?

வானதியை மருத்துவமனைக்கு அனுப்பி, மற்றவர்களுக்கு மருந்து போட்டு முடிக்கையில் சாயந்திரம் ஆகிவிட்டது. மறுபடி மழை. போர்ட்டிகோவில் வண்டிக்காக அவன் காத்திருந்தான். நேராக அவன் எதிரில் போய் நின்றாள்.

“அருவருப்பா இருந்துச்சா?”

“ஐயோ... என்னங்க இது!” அவன் துடித்துப்போனான். “மாதிரி எடுக்கறவனுக்கு எல்லாரும் ஒண்ணா இருக்கணும்ங்க. ஒருத்தங்க மேல மட்டும் தனியா ஒரு... இது இருக்கக் கூடாது.”

“எது?”

“அதுதாங்க.”

“அதுன்னா?”

“பஸ்ஸுல இறங்கிப் போனீங்களே, அப்பலேர்ந்து இருக்கற இது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். “இன்னைக்கு எல்லார் முன்னாடியும் கைய நீட்டினீங்க பாருங்க... அப்புறம் எனக்குக் குச்சி பிடிக்கவே வரல.”

மழை இரைந்தது. தஹ்மீனா தூணில் சாய்ந்துகொண்டாள்.

“எனக்கு ஒரு நிச்சயம் நின்னுபோயிருக்கு. நாளைக்கு இந்த வேலை இருக்குமோ இருக்காதோ. ரொம்ப அலுத்துப்போயிட்டேன், ஹஸ்ஸான். யார்கிட்டயும் நல்லபடியா பேசக்கூட வர மாட்டேங்குது.”

“நான் பேசறேன். நீங்க சும்மா உக்காந்திருங்க.”

அவளையறியாமல் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

“எங்கம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்பட்டுங்களா?”

“அனுப்புங்க... ஆனா கேள்வி மட்டும் கேக்க வேணாம்னு சொல்லி அனுப்புங்க. அதுக்கு எங்கம்மா இருக்காங்க.”

“உங்களுக்குச் சம்மதமானு நான் ஒரே ஒரு கேள்வி கேக்கலாமில்ல?”

அவள் தலை குனிந்தபடி முணுமுணுப்பாகப் பதில் சொன்னாள். மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ என்று, இன்னொரு முறையும் சொன்னாள்.

“பிடிச்சிருக்கு... உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”